சத்தம் கேட்ட பக்கம் ஓடியவனுக்கு

என் செல்ல முருகையா,

செத்தவனுக்குக் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று என் மனைவி கேட்கிறாள். ஒன்றும் ஆகப்போவதில்லைதான். ஆனால் நேற்றுத்தான் உன் ஊரிலிருந்து இறங்கி வந்தேன். அங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறதடா. சித்திரபுரத்திலிருந்து மூணாறு, அங்கிருந்து உடுமலைப்பேட்டை, பிறகு பொள்ளாச்சி, அதற்கப்புறம் எங்கள் எருத்தேன்பதி. பஸ் மாறி மாறி இடுப்பு கழன்றே போயிற்று. முன்பெல்லாம் நாம் இரண்டு பேரும் படையிலிருந்து லீவுக்கு வரும்போது இதே வழியில் பாட்டுப் பாடிக்கொண்டு போவோமே, அந்த உடம்பு எங்கே போனது என்று தெரியவில்லை. நேற்று சன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

இங்கே நம் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. கடலைக்காய் இந்த வருஷம் பாதிக்குப் பாதி சொத்தை. "போதும், வந்து காட்டைப் பாருங்க, இன்னும் எத்தன நாளைக்கு வானத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க" என்று இவள் நச்சரிக்கிறாள். படையிலும் அதையேதான் சொல்கிறார்கள். புது ரேடார் வரப்போகிறதாம். மேட்டின் மேல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிற நம்மைப் போன்ற ஆட்கள் இனித் தேவையில்லையாம். நாம் சேர்ந்த புதிதிலும் இதைத்தான் சொன்னார்கள், ஞாபகமிருக்கிறதா?

இந்தக் கடிதத்தை நாலு பேர் படித்தாலும் படிப்பார்கள். அவர்களுக்காக நம் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிடுகிறேன், நீ சிரிக்காதே. ரேடாரின் பார்வை நேர்கோட்டில் போவது. வரப்புக்கு அந்தப் பக்கம் குனிந்து வருகிறவன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா, அதுபோலப் பனைமர உயரத்தில் ஒட்டிப் பறந்து வரும் போர் விமானம் அதன் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒளிந்து வருகிறவனைப் பிடிக்க அன்றைக்கு ஒரே வழிதான் இருந்தது. எல்லையோரம் மேடு மேடாக ஆட்களை உட்கார வைப்பது. சத்தம் கேட்டதும் எத்தனை விமானம், எந்தப் பக்கமிருந்து, எந்தப் பக்கம் போகிறது என்று வயர்லெஸ் செட்டில் சொல்ல வேண்டும். தளத்தில் இருக்கும் நம் விமானங்கள் உடனே மேலே ஏறி, வருகிறவன் தலைக்கு மேல் காத்திருக்கும். கீழே ஒட்டிப் பறக்கிறவனுக்கு மேலே இருப்பவனோடு சண்டை போட முடியாது.

நமக்குப் பயிற்சி கொடுத்த அதிகாரி சொல்வாரே, "நாளைக்கே எவனாவது ரேடாருக்குத் துளியும் தெரியாத விமானம் செய்வான். செய்யட்டும். சத்தமே போடாமல் பறக்கிற விமானத்தை அவன் அப்பனாலும் செய்ய முடியாது" என்று. அதைக் கேட்டுவிட்டு நீ உன் காதைத் தடவித் தடவிப் பெருமைப்பட்டுக்கொண்டாய். உன் காதுக்கு அந்தப் பெருமை தகும். நான் ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நீ தலையைத் தூக்கியிருப்பாய்.

ஆனால் திசை? அதுதான் உனக்குச் சனியனாக வந்து வாய்த்தது. பயிற்சி மைதானத்தில் விமானச் சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் சத்தம் வருகிற பக்கம் பார்ப்போம். நீ ஒருத்தன் மட்டும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாய். அதிகாரி தலையில் அடித்துக்கொள்வார். நாங்கள் வயிறு குலுங்கச் சிரிப்போம். "ஏன்டா இப்படித் திரும்புறே?" என்று கேட்டால் உனக்கே சொல்லத் தெரியாது. "தெரியலயேப்பா, தன்னால திரும்பிருது" என்று முழிப்பாய். பகல் முழுதும் உன்னை நிறுத்திவைத்துப் பழக்கினார்கள். சத்தம் கேட்கும் பக்கம் முதலில் கையை நீட்டு, அப்புறம் அந்தப் பக்கத்தை வாயால் சொல். இதுதான் உனக்கென்று செய்த பாடம். போகப் போக உன் கையும் வாயும் தவறவே இல்லை. உன் காலுக்கு யாரும் பாடம் சொல்லவில்லை முருகையா. அது யாருக்குமே தோன்றவில்லை.

அப்புறம் போர் வந்தது. மேற்கே அந்த மணல்காட்டில் நீயும் நானும் ஒரே மேட்டில்.

அந்த மதியத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் குழிக்குள் செட்டோடு உட்கார்ந்திருந்தேன். நீ மேட்டின் உச்சியில் நின்றாய். உன் கை நீண்டது. "மேக்க. ரெண்டு. ரொம்பத் தாழ வாரான்" என்றாய். நான் அதை அப்படியே செட்டில் சொன்னேன். அது முடிந்ததும் மேட்டுக்குப் பின்னால், கிழக்குச் சரிவில் போய்ப் படுக்க வேண்டும். மேடு விமானத்துக்கும் உனக்கும் நடுவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. நீ மேற்குச் சரிவில் இறங்கி ஓடினாய். விமானத்தைப் பார்த்து. நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். போகிற போக்கில் சுட்டுவிட்டுப் போனான் பாவி.

நீ சொன்ன திசை சரியாகப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் நம் தளத்தை நெருங்குமுன் நம்மவர்கள் மேலே ஏறிக் காத்திருந்தார்கள். வந்தவர்கள் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். தளத்தில் இருந்த அத்தனை பேரும் அன்று மாலை சோறு தின்றார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

எதிரியை நெஞ்சு காட்டி எதிர்கொண்டான் என்று உன் வீட்டுக்குச் செய்தி போயிற்று. உங்கள் தேயிலை எஸ்டேட்டே உன்னைக் கொண்டாடியது. நம்பாதவர் ஒரே ஒருத்தர்தான், உன் அப்பா.

நான் முதல்முறை உன் வீட்டுக்குப் போனபோது, தேயிலை ஃபேக்டரியில் வேலை முடிந்து, சட்டையெல்லாம் தூளோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். "ஏ தம்பி, அவன் தேளைப் பாத்தா கட்டில் மேல ஏறி நிக்கிற பய. அவனா விமானத்தைப் பாத்து ஓடுனான்? நெசத்தைச் சொல்லுய்யா. அவன் சாவணும்னே போனானா?" என்று கேட்டார்.

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். கடைசி லீவு முடிந்து திரும்பி வந்தபோது நீ சொன்னாயே. அவர் வேலை முடிந்து நிற்கப்போகிற காலம். எஸ்டேட்டில் பெயர் பதிந்த ஒரு ஆள் குடும்பத்தில் இருந்தால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு கையில் நிற்கும். நீ படையை விட்டு வந்து தேயிலைக் கொழுந்துக் காட்டில் பெயர் பதிய மாட்டேன் என்றாய். "அப்ப இனி இந்த வாசப்படியில கால் வைக்காதலே" என்றார். நீயும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாய். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. இடையில் போர் வந்துவிட்டது.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததடா. லீவிலிருந்து வந்த பிறகு நீ சரியாகச் சாப்பிடவில்லை, சிரிக்கவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம், "எனக்குத் தெரியலீங்க அய்யா" என்றுதான் சொன்னேன். பொய் சொல்லவும் வாய் வரவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் மலை ஏறிப் போய், அந்த ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வருவதற்கே நான் பிறந்த மாதிரி ஆகிவிட்டது. போகாமல் இருந்துவிடலாம் என்றால் அவர் முகம் விடாது.

தை அமாவாசைக்குக்கூட உன்னை அவர் கூப்பிடுவதில்லை, தெரியுமா? லயத்தில் எல்லோர் வீட்டிலும் இலை போட்டு, செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு வைப்பார்களே. உன் தங்கை வள்ளி ஒரு வருஷம் கேட்டிருக்கிறாள். "வராதேன்னு சொன்ன வாயால எப்படித் தாயி வான்னு கூப்பிடுவேன்? அதுவும் என்னால செத்தவனை" என்றாராம். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

இப்போதுதான் சேதிக்கு வருகிறேன். இந்தத் தையில் எனக்கு உன் மலையிலேயே வேலை போட்டார்கள். நிஜச் சண்டை இல்லை, பயிற்சிச் சண்டை. சித்திரபுரத்துக்குக் கீழே இருக்கும் மின் நிலையத்தை எதிரி அழிக்க வருகிறான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எதிரியாக நடிப்பவர்கள் நம் பையன்கள்தான். மலைக்குப் பின்னால் ஒளிந்து, பள்ளத்தாக்கு வழியாகத் தாழ வருவார்கள். நான் தேயிலைச் சரிவில் உட்கார்ந்து திசை சொல்ல வேண்டும். மேலே காத்திருக்கும் நம் விமானங்கள் அந்தப் பக்கம் பாய வேண்டும். நேரத்துக்குப் பாய்ந்தால் நாம் வென்றோம், இல்லாவிட்டால் மின் நிலையம் போயிற்று என்று நடுவர் செட்டில் சொல்வார். பாவம், மின் நிலையம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் நாள் மூடுபனி. கிழக்கு மலையிலிருந்து சத்தம் கேட்டது, தெள்ளத் தெளிவாக. "கிழக்கு" என்று சொன்னேன். நம்மவர்கள் கிழக்கே பாய்ந்தார்கள். எதிரியாக வந்த இரண்டு விமானங்களும் மேற்கு மலையைத் தாண்டி என் பிடரியை உரசிக்கொண்டு போயின. மின் நிலையம் அழிந்தது என்றார் நடுவர். "என்ன நாச்சிமுத்து, தூக்கமா?" என்றார் அதிகாரி. இத்தனை வருஷத்தில் நான் திசை தப்பியதே இல்லை முருகையா. கிழவனாகிவிட்டோம், காது போய்விட்டது, இவள் சொல்கிற மாதிரி போய்க் கடலைக்காட்டைப் பார்ப்போம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக்கூட மனசில்லை.

மறுநாள் காலை உன் அப்பா ஒரு தூக்குவாளியில் பால் விடாத கட்டஞ்சாயா எடுத்துக்கொண்டு நான் இருக்கும் இடத்துக்கே வந்துவிட்டார். வேலையை விட்டு நின்றுவிட்டதால் அவருக்கும் பொழுது போகவில்லை. வண்டிப்பாதை ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எனக்கு ஊற்றிக் கொடுத்தார். வழக்கமான கேள்வி வரப்போகிறது என்று நான் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சத்தம் வந்தது. மறுபடியும் கிழக்கு மலை. நான் எழுந்து, கிழக்கே பார்த்து, செட்டில் வாயை வைத்து "கிழக்கு" என்று சொல்லியும் விட்டேன்.

உன் அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். சத்தத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி மேற்கே பார்த்தார். பார்த்துக்கொண்டே, என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சத்தம் கேட்ட கிழக்கு ஓரத்துக்கு ஒதுங்கினார்.

அப்படியே நீதான். அந்தத் தோள், அந்தத் திரும்பல். "மேற்கு! மேற்கு!" என்று செட்டில் கத்தினேன். மேற்கு மலையைத் தாண்டி இரண்டும் வந்தன. மேலிருந்து நம்மவர்கள் அவற்றின் முதுகில் வந்து விழுந்தார்கள். நடுவர் ஏதோ சொன்னார். வென்றோம் என்றுதான் சொல்லியிருப்பார். செட் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தது. நான் அதைக் கையில் எடுக்கவில்லை.

"ஏனுங்க அய்யா, சத்தம் அந்தப் பக்கமுங்க. நீங்க எதுக்குங்க இப்படித் திரும்புனீங்க?" என்றேன்.

"இங்கன சத்தம் கேக்குற பக்கம் வண்டி இருக்காது தம்பி. வார வண்டி இந்த மலைக்குப் பின்னால வளைவுல இருக்கும். சத்தம் எதுத்த மலையில அடிச்சித் திரும்பி வரும். சத்தம் கேக்குற பக்கமா ஒதுங்கிட்டா தப்பிச்சிரலாம். விமானமும் அப்படித்தானே வந்துச்சி?"

"இது உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"யாரு சொல்லணும்? லயத்துப் பிள்ளைக நடக்கத் தொடங்குனதுமே இதைத்தான் பழக்குவோம். சத்தத்தைக் கேட்டா சத்தத்துப் பக்கமா ஓடுலே, ஓடுலேன்னு. அந்த வளைவுல எத்தன லாரி. இவனையும் கையப் பிடிச்சி நாந்தான்…"

அங்கே நிறுத்திவிட்டார். அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது, நீ எந்தப் பக்கம் ஓடினாய் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அத்தனை முறை என்னிடம் கேட்டிருக்கிறார்.

தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டே, "அப்ப அவன் சாவப் போகல" என்றார்.

"இல்லீங்க. பொழைக்கத்தானுங்க ஓடிருக்கான்."

"லாரிக்கு ஒதுங்குற மாதிரி ஒதுங்கிருக்கான்."

"ஆமாங்க."

"நான் பழக்குன மாதிரியே" என்றார். அப்புறம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார் முருகையா. ஊரே உன்னைக் கொண்டாடியபோது அழாத மனுஷன். எனக்கும் அடக்க முடியவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இரண்டு ஆம்பிளைகள் உட்கார்ந்து ஓவென்று அழுதோம். செட் இன்னமும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

நான் செய்தது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தன் கோபம்தான் மகனைக் கொன்றது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது, தான் கைப்பிடித்துப் பழக்கியதுதான் கொன்றது என்று நினைப்பாரோ? ஒரு பாரத்தை இறக்கி இன்னொன்றைத் தூக்கி வைத்துவிட்டேனோ? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நீ இருந்தால், "போடா, உனக்கு வேற வேலையில்ல" என்று சொல்லியிருப்பாய். சொல்ல நீ இல்லையே.

ஆனால் ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

பயிற்சி முடிந்த மறுநாள் தை அமாவாசை. "இருந்துட்டுப் போ தம்பி" என்றார். இருந்தேன். வள்ளி சமைத்தாள். அவள் பெயரை இப்போது கொழுந்துக் காட்டில் பதிந்துவிட்டார்கள், அதனால் வீடு நிற்கிறது, அந்தக் கவலை உனக்கு வேண்டாம். உனக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு வைத்திருந்தாள். இலையைப் போட்டுவிட்டு அவள் அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் எழுந்து வாசலுக்குப் போனார். உன்னைக் கால் வைக்காதே என்று சொன்ன அதே படியில் நின்று, பள்ளத்தாக்கைப் பார்த்து, லயம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"ஏலே முருகையா! வீட்டுக்குள்ள வாலே!"

எதிர்மலையில் அடித்து அந்தக் குரல் திரும்பி வந்தது. யாரோ அந்த மலையில் நின்று உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. எனக்கு ஒரு கணம் பகீரென்றது, நீ அந்தப் பக்கமாகப் போய்விடப்போகிறாயே என்று. அப்புறம்தான் நினைத்துக்கொண்டேன். எங்களைப் போன்ற சமவெளிக்காரர்கள்தான் அந்த மலைக்கு ஓடுவோம். நீ இந்த மலைப் பிள்ளை. குரல் நிஜத்தில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியும், ஒதுங்கிப் போக இது லாரியும் இல்லை. சத்தத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருப்பாய். திரும்பினால் நேராக உன் வீட்டு வாசல்.

வந்தாயா முருகையா? மொச்சையைக் காக்கா கொத்தியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் படையில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம் என்று பார்க்கிறேன். இவள் கத்துவாள், கத்தட்டும். எனக்கு ஒன்றும் ஆசையில்லை, அலுத்துத்தான் கிடக்கிறேன். ஆனால் புது ரேடார் வந்து எங்களை வீட்டுக்கு அனுப்புகிறவரை மேட்டில் ஏறப்போகிற பையன்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தனிடமும், உன் ஊர் மலையா சமவெளியா என்று கேட்டுவிட்டுத்தான் திசையைக் கேட்பேன். காதுக்கும் கைக்கும் முன்னால் காலைத்தான் பழக்குவேன். தை அமாவாசைக்குத் தவறாமல் உன் வீட்டு வாசலில் நிற்பேன். அவர் குரல் எழும்பாத வருஷம் வந்தால், நான் கூப்பிடுகிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்னொன்று. ஒரு மாசம் மூத்தவன் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தும் நீ என்னை ஒருநாளும் அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. நீ அந்த வயதிலேயே நின்றுவிட்டாய். எனக்குத் தலை நரைத்துவிட்டது. இனி நீ வழக்குப் பேச முடியாதடா.

உன் அண்ணன்,
நாச்சிமுத்து
எருத்தேன்பதி